நீலக்கரை உறைகள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. சில எழுத்துகள் குண்டாகவும் சில பட்டினி கிடந்தவை போலவும் இருக்கின்றன. இந்தக் கடிதத்துக்கு ஆறு நாட்கள் ஆயின. ஆனால் இதை எழுதுவது நான்தான். யாரையும் வைத்து எழுதவில்லை. உன் அண்ணனே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் அண்ணியின் முழங்கால் நன்றாக வேலை செய்கிறது. மாடிப்படியை என்னைவிட வேகமாக ஏறிவிட்டு, மேலே நின்றுகொண்டு என்னைக் கேலி செய்கிறாள்.

சலவைக்கூடத்து வேலை முடிந்த பிறகு நான் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நூலகத்தின் மேல்மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது என்று உன் அண்ணிதான் விசாரித்து வந்தாள். "போய்ப் பாருங்க. பிடிக்கலைன்னா சும்மா லிஃப்ட்ல ஏறி இறங்கினதா நினைச்சுக்கங்க" என்றாள். போனேன். பதினோரு மாதம் ஆயிற்று. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவளைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது தெரியும் என்பதால் உனக்குச் சொல்கிறேன்.

தெருவில் நடப்பதே இப்போது வேறு மாதிரி இருக்கிறது. மருந்துக்கடைக்கு மேலே ஒரு பலகை. 'பல் மருத்துவர், மூன்றாவது மாடி.' இருபத்தாறு வருடமாக அதன் கீழேதான் போய்வருகிறேன். மூன்றாவது மாடியில் ஒரு பல் மருத்துவர் இருந்திருக்கிறார். இத்தனை பல் போன பிறகு தெரிகிறது. வீடு திரும்பிக் கண்ணை மூடினாலும் பலகைகள் போவதில்லை. மெல்ல மிதந்து வந்துகொண்டே இருக்கின்றன.

இன்னொரு சந்தோஷம். அண்ணியின் ஆபரேஷனுக்கு வங்கியில் கடன் வாங்கினோமே, நீகூட ஜாமீன் போட்டாயே, அந்த வங்கி எனக்கு அனுப்பிய கடிதங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. மொத்தம் பத்தொன்பது. எல்லாம் நீலக்கரை போட்ட உறைகள். பிரிக்காமல் வரிசையாக வைத்திருக்கிறேன். இனி வாரத்துக்கு ஒன்றாகப் படிக்கப் போகிறேன். இவ்வளவு மரியாதையாக எழுதியவர்களுக்கு ஒரு பதில்கூடப் போடவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

நீ இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. வேலை அதிகம் என்று தெரியும். நாலு வரி எழுது. நானே படிப்பேன்.

உன் அண்ணன்


ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ சின்னக் குழந்தை விலாசம் எழுதியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே பிரித்தேன். நீங்கள் உட்கார்ந்து படிக்கச் சொன்னது முதல் பத்தியின் முடிவில்தானே இருக்கிறது? அதற்குள் உட்கார மறந்துவிட்டேன். கடைசி வரிக்கு வந்தபோது நாற்பது ரொட்டி கருகிவிட்டது. இந்தப் பதினாறு வருடத்தில் இதுதான் முதல் தடவை. முதலாளி புகையை மோந்துகொண்டு வந்து, "என்னய்யா, யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?" என்று கேட்டார். "இல்ல முதலாளி, எங்க அண்ணன் லெட்டர் போட்டிருக்கார்" என்றேன். "இதுக்கு முன்னாடி போட்டதே இல்லையா?" என்றார். நான் கருகிய ரொட்டிகளை எடுக்கப் போய்விட்டேன்.

அந்தப் பழைய வங்கிக் கடிதங்கள் எதற்கு அண்ணா? எடைக்குப் போட்டுவிடுங்கள். செய்தித்தாள் படியுங்கள். நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்துப் படியுங்கள். புதிதாகப் படிக்கப் பழகியவர் அந்த மாதிரி வறட்டுக் காகிதத்தில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறு விசேஷம் இல்லை. முதலாளிக்கு வயதாகிவிட்டது. கடையைக் கைமாற்றிவிட நினைக்கிறார். அடுப்பு, மாவுப் பலகை, வாடிக்கைக்காரர்கள் எல்லாவற்றோடும் சேர்த்து. "முதல்ல உன்னைத்தான் கேக்கறேன். ஜூன் கடைசிக்குள்ள பணத்தோட வா. இல்லைன்னா வெளியாளுக்குத்தான்" என்றார். வங்கிக் கடன் இல்லாமல் ஆகிற காரியம் இல்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். முதல் தடவை எழுத்துக்கூட்டி, பிறகு வேகமாக, பிறகு உன் அண்ணிக்குச் சத்தமாக. இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கடையை வாங்கிவிடு! இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த அடுப்பு உன் பேச்சைத்தான் கேட்கும். விடியலில் நீ மாவைத் தொட்டுப் பார்த்து "இன்னும் எழுந்திருக்கலை" என்று சொல்வாய் என்று உன் வீட்டுக்காரி ஒருமுறை சிரித்தாளே. வங்கிக்குப் போ. நம் குடும்பத்தில் கடனை ஏமாற்றியவன் கிடையாது. முப்பத்தாறு தவணையில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. ஜாமீன் போட்டவன் நீ. அந்த நல்ல பெயர் உனக்கும் உண்டு அல்லவா?

மூன்று உறைகளைப் பிரித்துவிட்டேன். முதல் கடிதம் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கிறது. வங்கிக்காரர்கள் என்னை அன்புள்ளவன் என்று எழுதியிருக்கிறார்கள். உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷத்துல நான்கூட சொன்னதில்லை" என்றாள்.

மூன்றிலும் ஒரே விஷயம்தான். தவணை ஐந்தாம் தேதி கட்ட வேண்டுமாம். நான் எட்டாம் தேதி கட்டினேனாம். சலவைக்கூடத்தில் சம்பளம் ஏழாம் தேதி. மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கவுண்டரில் நின்றேன். மூன்று நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

இந்த உறைகளை நான் ஏன் பிரிக்கவில்லை என்று நீ நினைக்கலாம். உன் அண்ணிக்கும் எழுத்து தெரியாது. சலவைக்கூடத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நாடா கட்டுவார்கள். சிவப்பு நாடா என்றால் அழுக்கு, அவசரம். மஞ்சள் என்றால் கறை எடுக்க வேண்டும். நீலம் என்றால் துவைத்து, தேய்த்து, எண்ணி முடித்தாயிற்று, தொடாதே, வண்டிக்குப் போகட்டும். முப்பத்தெட்டு வருடம் நான் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். படிக்கத் தெரியாதவன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வங்கியில் இருந்து நீலக்கரை உறை வந்ததும், சரி, இந்த மாதக் கணக்கு முடிந்தது என்று சந்தோஷமாக அடுக்கி வைத்தேன்.

கடை விஷயம் என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இரண்டு வாரமாக மூடுபனி. கடைக்குப் போகும்போது தெருவே தெரிவதில்லை. அடுப்பு வெளிச்சம் வந்த பிறகுதான் என் கையே எனக்குத் தெரிகிறது. பலகையில் வரிசையாகத் துணி போர்த்தி வைத்த மாவு உருண்டைகளைப் பார்த்தால் தூங்குகிறவர்களைப் போல இருக்கும். மூச்சு விடுகிற மாதிரி மெல்ல மேலே வரும். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். அது கூலிக்காரனுக்கும் முதலாளிக்கும் ஒரே மாதிரிதான் எழும்பும்.

கடையைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம் அண்ணா. எனக்கு அந்த ஆசை இல்லை. மாதச் சம்பளம் வாங்கிப் பழகிவிட்டது.

நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தீர்கள்? அதை எழுதுங்கள். வங்கிக் கடிதங்களை விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

இன்று ஏழாவது உறையைப் பிரித்தேன். கீழே ஒரு வரி இருந்தது. 'நகல்: ஜாமீன்தாரர்.' அதற்குப் பக்கத்தில் உன் பெயரும் உன் விலாசமும்.

உன் பெயரை அச்சில் நான் இதுவரை பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதங்கள் உனக்கும் வந்தனவா?

உன் அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

வந்திருக்கலாம். நினைவில்லை. எத்தனையோ காகிதம் வருகிறது. பேக்கரியில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உங்கள் கடிதம் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். நீங்கள் எழுதாமலேயே இருந்த ஐம்பது வருடம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த ஒரு மாதம் தாங்க முடியவில்லை. இருவரும் நலம்தானே?

நீங்கள் பத்தொன்பதையும் படித்திருப்பீர்கள். அதனால் இனி மறைத்துப் பயனில்லை. எனக்கும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். கடைக்கு என்று இல்லை, அதற்கு முன்பே இரண்டு தடவை கடன் கேட்டு வங்கிகளுக்குப் போனேன். ஜனவரியில் மூன்றாவது தடவை. மூன்று இடத்திலும் கணினியைத் திருப்பிக் காட்டினார்கள். "உங்க பேர்ல ஒரு ஜாமீன் இருக்கு, அது இன்னும் முடியாம நிக்குது. ஸ்கோர் ரொம்பக் கம்மி. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்."

கோபம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் நான்கு வருடமாக வரவில்லை. வேலை அதிகம் என்றது சும்மா.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு ஏழு வயதில் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க உங்களிடம் வந்தேன். அப்பா இல்லாததால் நீங்கள்தான் போட வேண்டும். ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா படிச்சிருக்கே" என்று தலையைத் தடவினீர்கள். ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள். அதில் நான் கணக்கில் ஃபெயில். அன்றில் இருந்து எனக்குத் தெரியும். வங்கிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால் அதையும் கேட்ட மாதிரி ஆகிவிடும். அதை மட்டும் என்னால் முடியவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருவரும் நலம். எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. கையில் பேனா இருந்தது. 'தம்பிக்கு' என்று எழுதிய பிறகு அடுத்த வார்த்தை வரவில்லை.

அந்த ரிப்போர்ட் விஷயத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பத்தொன்பதையும் ஒரே வாரத்தில் படித்தேன். மூன்று நாள்தானே என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று நாளுக்கு ஓர் அபராதம் போட்டிருக்கிறார்கள். நான் கட்டிய பணத்தில் முதலில் அபராதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தவணையில் வைத்தார்கள். அதனால் தவணை குறைந்தது. குறைந்ததற்கு மறுபடி அபராதம். முப்பத்தாறும் முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கியபோது அங்கே முடியவில்லை.

போன வாரம் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண். உறைகளைப் பார்த்தாள்.

"என்ன ஐயா, எல்லாத்தையும் இப்பத்தான் பிரிச்சீங்களா?"

"ஆமாம்மா. இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் வரலாறு உண்டு என்று அவள் சொன்னாள். எப்போது வாங்கினார்கள், எப்போது கட்டினார்கள், எத்தனை தடவை தாமதம், எல்லாம் அதில் இருக்குமாம். நீயும் நானும் தூங்கும்போதுகூட எங்கோ ஓர் அறையில் நம்மைப் பற்றிய பக்கங்கள் திறந்தே கிடக்கின்றன. பார்த்தே இராத யார் யாரோ அதைப் படிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைவு. சலவைக்கூடத்து நீராவிக்குள் நடப்பது போலவே இருந்தது. ஆட்கள் தெரிகிறார்கள், முகம் தெரியவில்லை.

பிறகு அவள் கணினியைப் பார்த்து, "நடுவுல மூணு தடவை வேற ஊர்லேர்ந்து யாரோ பணம் கட்டியிருக்காங்களே ஐயா. நீங்க சொல்லித்தானா?" என்று கேட்டாள்.

ஊரின் பெயரைச் சொன்னாள். உன் ஊர்.

தம்பி, இதை நீ ஏப்ரல் கடிதத்தில்கூட எழுதவில்லை.

மிச்ச பாக்கி என்னுடைய நான்கு மாத ஓய்வூதியம் அளவுக்கு இருந்தது. வாஷிங் மெஷின் வாங்க ஒதுக்கி வைத்திருந்தோம். உன் அண்ணியிடம் கேட்டேன். "ஊர்த் துணியெல்லாம் முப்பத்தெட்டு வருஷம் துவைச்சாச்சு. நம்ம ரெண்டு பேர் துணிய கையால துவைச்சா தேய்ஞ்சா போயிடுவோம்? கட்டிட்டு வாங்க" என்றாள். கட்டிவிட்டேன். பாக்கி இல்லை என்று சான்றிதழ் தந்திருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன். இதைக் காட்டினால் உன் கடன் வரலாற்று அறிக்கையில் 'நிலுவை' என்று இருப்பதை 'முடிந்தது' என்று மாற்றுவார்களாம். நாற்பது நாள் ஆகுமாம். ஆனால் பழைய தாமதங்கள் இன்னும் சில காலம் அங்கேயே நிற்கும். அவற்றை யாராலும் அழிக்க முடியாதாம்.

"வேற வழியே இல்லையாம்மா?"

"ஒண்ணு இருக்கு. அறிக்கையோட ஒரு விளக்கம் சேர்க்கலாம். நூறு வார்த்தைக்குள்ள இருக்கணும். ஸ்கோர் ஏறாது. ஆனா கடன் கொடுக்கறவங்க படிப்பாங்க."

"நூறா? எனக்கு மொத்தமே அவ்வளவுதான் தெரியும்மா" என்றேன்.

எட்டு நாள் எழுதினேன். உன் அண்ணி துணிக் கிளிப்புகளைக் கொண்டுவந்து வார்த்தைக்கு ஒன்றாக எடுத்து வைத்து எண்ணினாள். நூறு எட்டவில்லை. மிச்சத்தை உனக்கு எழுத வைத்துக்கொண்டேன். இதுதான்:

'இந்தக் கடனை வாங்கியவன் நான். ஜாமீன் போட்டவன் என் தம்பி. எனக்குச் சம்பளம் ஏழாம் தேதி வந்தது. எட்டாம் தேதி கட்டினேன். கட்ட வேண்டிய நாள் ஐந்து. வங்கி பத்தொன்பது முறை அதை எழுதிச் சொன்னது. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். தாமதம் என்னுடையது. என் தம்பி என்னிடம் சொல்லாமல் மூன்று முறை எனக்காகக் கட்டினான். இப்போது பாக்கி இல்லை. இதை நானே எழுதினேன்.'

உன் கையெழுத்தோடு அனுப்பினால்தான் உன் அறிக்கையில் சேர்ப்பார்களாம். போட்டு அனுப்பு. ஜூன் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

உன் அண்ணன்


மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். சான்றிதழ் கிடைத்தது. அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

மூன்று முறை கட்டினேன். நான்காவது தடவை பணத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அதையும் சேர்த்து எழுதியிருந்தால்தான் உங்கள் விளக்கம் சரியாக இருக்கும்.

அதை நான் அனுப்பவில்லை. சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மாவு பட்டுவிட்டது. யாரோ ஒரு அதிகாரி, நாளைக்கு வேறொரு அதிகாரி, காபி குடித்துக்கொண்டே உங்களைப் பற்றி அதைப் படிப்பார்கள். நீங்கள் ஆயுள் முழுவதும் மறைத்ததை நான் கையெழுத்துப் போட்டு ஊருக்குக் காட்ட வேண்டுமா? ஒரு அடுப்புக்காக அதைச் செய்ய மாட்டேன்.

உங்கள் தம்பி


மே 27

தம்பிக்கு,

நலம்தான். நீயும் நலமாக இரு.

அனுப்புடா.

மறைத்து வைத்ததில்தான் உன் நான்கு வருடம் போயிற்று. எனக்கு நீ பாதுகாத்துத் தர வேண்டியது இனி ஒன்றும் இல்லை. யாராவது காபி குடித்துக்கொண்டு படித்தால் படிக்கட்டும். கடைசி வரியையும் படிப்பார்கள் அல்லவா? அதை எழுத எனக்கு அறுபத்தொன்பது வயது ஆயிற்று.

மாவு பட்டிருந்தால் துடைத்துவிட்டு அனுப்பு.

உன் அண்ணன்


ஜூலை 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம். அண்ணியின் கை துணி துவைத்துத் துவைத்து வலிக்கிறதா? என் வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள்.

அனுப்பினேன். நேற்று வங்கியில் கூப்பிட்டார்கள். மேலாளர் ஒரு அம்மா. 'நிலுவை' என்பது போய் 'முடிந்தது' என்று வந்துவிட்டது. ஸ்கோர் ஏறியிருக்கிறது, போதுமான அளவுக்கு இல்லை. பிறகு அவர் கணினியில் எதையோ படித்தார். மேலே போய் மறுபடி படித்தார். எனக்கு எது என்று புரிந்துவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அண்ணனா?"

"ஆமா மேடம்."

"இப்ப என்ன படிக்கிறார்?"

"எது கிடைச்சாலும் படிக்கிறார். அதான் பிரச்சினையே."

சிரித்தார். ஆனால் கடைக்கான கடன் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் மாவு பிசையும் மெஷினுக்கு ஒரு சின்னக் கடன் தருகிறாராம். ஆறு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினால் ஜனவரியில் கடைக்கான விண்ணப்பத்தை அவரே மேலே அனுப்புவார். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அனுப்புவேன் என்று மட்டும் சொன்னார்.

ஜூன் கெடு தாண்டிவிட்டது. இருந்தாலும் முதலாளியிடம் போய் நின்றேன். மெஷினை வாங்கி வைத்துவிட்டுக் கடை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் மாவுப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சரி, ஜனவரி வரைக்கும் நான் செத்துட மாட்டேன். வெளியாளுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

மெஷின் கடனுக்கு ஒரு ஜாமீன் வேண்டும். என் மைத்துனர் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சின்னத் தொகைதான் என்பதால் ஓய்வூதியம் வாங்குகிறவர் போட்டாலும் போதுமாம். மேலாளர் அம்மாவிடம் உங்களைச் சொன்னேன். அவர் உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்.

நான் தவறினால் உங்கள் ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். அதை யோசித்துக்கொள்ளுங்கள். காகிதங்கள் இதோடு இருக்கின்றன. நான்கு பக்கம். உங்கள் ஊர்க் கிளையிலேயே கையெழுத்துப் போடலாம். முழுவதையும் படித்துவிட்டுப் போடுங்கள் அண்ணா.

உங்கள் தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அண்ணியின் கை வலிக்கவில்லை, வாய்தான் வலிக்கிறது என்று எழுதச் சொன்னாள். உங்கள் எல்லோரையும் கேட்டாள்.

நான்கு பக்கத்தையும் ஒன்பது நாளில் படித்தேன். பொடி எழுத்து. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டுக்கொண்டு ஒரு வரி படிப்பேன், வானத்தைப் பார்ப்பேன், மறுபடி அந்த வரிக்கு வருவேன். 'கடன்தாரர் தவறும் பட்சத்தில்' என்ற இடத்தில் வெகுநேரம் நின்றேன். நீ ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்காக இதே வரியின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். படித்துவிட்டுத்தான் போட்டாய். நீ படிக்கத் தெரிந்தவன்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. நீ அதைப் பார்த்தாயா? தவணை நாளைக் கடன்தாரர் எழுதிக் கேட்டால் ஒரு முறை மாற்றித் தருவார்களாம். உன் தவணை ஐந்தாம் தேதி. உன் முதலாளி சம்பளம் தருவது பத்தாம் தேதி என்று எனக்குத் தெரியும்.

என் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் மூன்றாவது பக்கத்தில் அதே வரி இருந்தது.

எழுந்துபோய்ச் சற்று நேரம் நின்றேன். கீழே தெருவில் யாரோ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்து உட்கார்ந்து உனக்காக அந்த விண்ணப்பத்தை எழுதினேன். தவணை நாளைப் பன்னிரண்டு என்று மாற்றக் கேட்டிருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு மேலாளர் அம்மாவிடம் கொடு. முதல் தவணைக்கு முன்பே கொடு.

நேற்று வங்கிக்குப் போனேன். அதே பெண்தான். என் கையெழுத்தை வாங்கிப் பழைய கணக்கில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, இது பொருந்தவே இல்லையே. பழசு வேற மாதிரி இருக்கு."

பொருந்தாதுதான். பழையது சலவைக்கூடத்து மேஸ்திரி ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்தது. ஒரு கொக்கி, ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. அதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பார்த்துப் பார்த்து வரைவேன்.

"அது படம்மா. இதுதான் கையெழுத்து" என்றேன்.

புதுப் படிவம் கொடுத்து மூன்று தடவை போடச் சொன்னாள். மூன்று தடவையும் முழுப் பெயரை எழுதினேன். பின்னால் வரிசை நின்றது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. பிறகு அவள் உன் காகிதத்தை என் முன்னால் வைத்து, 'ஜாமீன்தாரர்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். அவள் விரலை எடுக்கும் வரை காத்திருந்து, அந்த வார்த்தையை நானே படித்துவிட்டு, அதன் கீழே போட்டேன்.

முத்திரை குத்தி வாங்கிய காகிதங்கள் இதோடு வருகின்றன. மை ஆறிய பிறகுதான் மடித்தேன். மெஷின் வந்ததும் அது என்ன சத்தம் போடுகிறது என்று எழுது. நூலகத்தில் ரொட்டி சுடுவது பற்றி ஒரு புத்தகம் எடுத்திருக்கிறேன், பாதிவரை வந்துவிட்டேன். நீ செய்வதில் என்னென்ன தப்பு என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

உன் அண்ணன்